சிவப்பு டப்பில் உட்கார்ந்தவன்

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரே வரி. "கார்த்திகாவுக்கு ஒண்ணாம் தேதி ஜாயினிங்ப்பா, சேந்தனைப் பகல்ல நீங்க பாத்துக்க முடியுமா?" நான் படித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும், நீல டிக் விழுந்திருக்கும். மூன்று நாளாகப் பதில் போடவில்லை. நேற்று நீ உன் அம்மாவுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு இஷ்டமில்லன்னா சொல்லச் சொல்லும்மா, டே கேர்ல விட்டுக்கிறோம்" என்றாயாம். இஷ்டத்துக்கு என்ன குறைச்சல்? பேரனைப் பார்க்க எந்தத் தாத்தனுக்குக் கசக்கும்? 'முடியும்' என்று தட்டிவிட இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிக்குத்தான் விரல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஒரு வரியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, அதனால் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டேன். மோட்டாரை நான் போடவே இல்லை.

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பி ஆறு மாதம் ஆகிறது. விருப்ப ஓய்வு என்று பெயர். அந்தக் கடிதத்தை நீட்டியவன் எனக்குக் கீழே டிரெயினியாக வந்தவன், மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். பெங்களூரிலிருந்து வருகிற பெரிய ஆட்களிடம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சிரித்துப் பேசத் தெரிந்ததால் மேனேஜராக மேலே போனான். குவாலிட்டியில் இருந்த எனக்கு அளவு மட்டும்தான் பேசத் தெரியும். "நிறைய உழைச்சிட்டீங்க சார். இனிமே பேரனோட விளையாடிக்கிட்டு ஜாலியா இருங்க" என்றான். பிள்ளையோடு விளையாடுவது என்னவோ ஓய்ந்து போனவனுக்குக் கொடுக்கும் லேசான வேலை மாதிரி. நான் மறக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

உன் அம்மா காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். பேக்கிங்கில் அவளுக்கு இன்னும் நாலைந்து வருடம் சர்வீஸ் இருக்கிறது. மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு யாரு மேலங்க?" என்று கேட்கிறாள். கோபத்தைச் சொல்கிறாள். ஒரு நாள் அந்த மேனேஜர், ஒரு நாள் உன் பெரிய மாமா, ஒரு நாள் கேபிள்காரன். "ஒரு லிஸ்ட்டு எழுதி வாசல்ல மாட்டிடுங்க, நான் பாத்துக்கிட்டே உள்ள வந்துடுறேன்" என்று கேலி வேறு. ஆனால் உன் கேள்வியைச் சொன்னபோது அவள் கேலி செய்யவில்லை. "முடியும்னா முடியும்னு சொல்லுங்க. பயமா இருந்தா ஏன்னு அவன்கிட்டச் சொல்லுங்க. அவனுக்கும் தெரியட்டும்" என்றாள். பயம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

உனக்கு மூக்கண்டப்பள்ளி வரிசை வீடு ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வீடு, ஐந்துக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி. நம் பக்கத்து வீட்டில் ரத்னம்மா இருந்தாள். கன்னடக்காரி. புருஷன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். அவள் உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தாள். கழுத்து வளைந்தது, இதழ் கருகியது என்று அங்கே கழித்துப் போடுகிற பூக்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு மாலை நாலரைக்கு வந்து இறங்குவாள். தொட்டி ஓரத்தில் சாக்கை விரித்துக் கொட்டிக் கட்டு கட்டுவாள், கோயில் பக்கத்துப் பூக்கடைக்குப் போட. அவள் மகள் சுமா உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளோடு நீயும் போய் உட்கார்ந்துகொள்வாய். அப்போது உனக்கு மூன்றரை முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. இன்றைக்குச் சேந்தனுக்கு இருக்கிற வயதுதான்.

நான் ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். உனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. அவள் கை வேலை செய்துகொண்டே இருக்கும், நீ பார்த்துக்கொண்டே இருப்பாய். நீளக் காம்பை நீளக் காம்போடும் குட்டைக் காம்பைக் குட்டைக் காம்போடும் நீயே பிரித்தாய். எங்கே முள், எங்கே முள் இல்லை என்று உன் கட்டைவிரல் கண்டுபிடித்தது. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி விடுவதற்கு உனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அது அறுந்து உன் முகத்தில் அடிக்கும், நீ கண்ணை மூடித் திறந்துவிட்டு மறுபடி சுற்றுவாய். ஒரு கட்டுக்கு இருபது பூ, அது பண்ணையில் வைத்த கணக்கு. நீ பதினெட்டு வைத்துக் கட்டிக் கொடுத்தால் ரத்னம்மா தப்பு என்று சொல்ல மாட்டாள். கட்டை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இத எத்துகினு போய்க் குடுத்தா பூக்கடையக்கா என்ன சொல்வாங்க கண்ணு?" என்று கேட்பாள். அவ்வளவுதான். நீ உட்கார்ந்து பிரித்து எண்ணுவாய். சில நாள் உன்னைக் கடைக்கே கூட்டிப்போய் அந்தப் பூக்கடைக்காரியின் வாயாலேயே கேட்க வைப்பாள். எண்ணிக்கை எதற்கு என்று உனக்கு அங்கேதான் தெரிந்தது.

வீட்டுச் சுவரில் நான் ஒட்டியிருந்த எண் அட்டவணை ஒன்று உண்டு, வண்ண வண்ணமாக. பள்ளியில் சேர்க்கப் போனபோது டீச்சர் ஒரு டப்பா மணியைக் கொட்டி எண்ணச் சொன்னார். நீ இருபது இருபதாகக் குவித்து வைத்தாய். "யாரு சார் சொல்லிக் கொடுத்தது?" என்று அவர் ஆச்சரியப்பட்டபோது நான் என் அட்டவணையைப் பற்றிப் பேசினேன். அட்டவணையில் இருபதாகக் கூட்டுவது எங்கேயும் இல்லை. தெரிந்தேதான் பேசினேன். இன்று வரை அதைத் திருத்தியதில்லை.

பள்ளிக்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அருப்புக்கோட்டைப் பக்கம் உன் பெரிய மாமா வீட்டுக் காதுகுத்து. வெற்றிலைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உன்னை மடியில் இழுத்தார். "மருமகனே, இத எண்ணு பாப்போம், எஞ்சினியர் மகன் எப்படி எண்ணுறான்னு பாக்கட்டும் எல்லாரும்." நீ உடனே உட்கார்ந்து ரத்னம்மாவின் கன்னடத்தில் ஆரம்பித்தாய். ஒந்து, எரடு, மூரு, நால்கு. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நீ இருபதுக்கு 'இப்பத்து' என்று சொல்லி ஒரு அடுக்கை ஒதுக்கி வைத்ததும் சிரிப்பு கிளம்பிவிட்டது. "என்ன மாப்ள, ஒன் வீட்டுப் புள்ளய விட்டுட்டுப் பக்கத்து வீட்டுப் புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் மாமா. "எஞ்சினியருக்குப் படிச்சு என்னத்தக் கண்ட? தமிழ்ல ஒண்ணு ரெண்டு தெரியலயே புள்ளைக்கு!" நான் சிரித்து வைத்தேன். காது சுட்டது. நீ மட்டும் நிறுத்தவில்லை. நாலு அடுக்கு வைத்தாய், ஐந்தாவது அடுக்கைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, "இதுல மூணு இல்ல மாமா" என்றாய். யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கடைக்காரன் நூறு என்று கொடுத்த கட்டில் மூன்று குறைந்திருக்கிறது, ஒரு நாலு வயதுப் பிள்ளை அதைப் பிடித்துவிட்டது, அங்கே குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான். எழுந்து உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், "ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லணும். சொல்லு" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். வெற்றிலை உன் கையிலேயே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து நீ அந்தத் தொட்டிப் பக்கம் போகக்கூடாது. நாலு நாள் பொறுத்துவிட்டு ரத்னம்மா வாசலில் வந்து நின்றாள். "கொழந்த ஏன் சார் வர்றதில்ல? நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமா?" என்றாள். படிக்க வேண்டும் என்றேன். "நாலு வயசுல என்ன சார் படிப்பு? ஆட்டம் ஆடுற வயசு, வுடுங்க சார்" என்று சிரித்தாள். "எங்க பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம்" என்று கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகும் அவள் உன் அம்மாவோடு பேசினாள், என்னோடு பேசவில்லை. என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அவர் சொன்னதற்குத் தண்டனையை உனக்கும் ரத்னம்மாவுக்கும் அல்லவா கொடுத்தேன்.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்தேன். அடிக்கப் போவதில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. மொழிதான் காரணம் என்று வெளியே சொன்னேன். நான் வேலை முடிந்து வரும்போது நீ ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். நீயோ தலையைத் தூக்காமல், "இரு, இன்னும் ரெண்டு கட்டு இருக்கு" என்பாய். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத ஒரு பூக்கட்டுகிறவள் மேல் பொறாமைப்பட்டேன். நாலு வயதில் நீ அவளிடம் கன்னடத்தில் தண்ணீர் கேட்டாய், வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கில் தேங்காய்ச் சில்லு கேட்டாய், நம்மிடம் தமிழில் முரண்டு பிடித்தாய். யாரிடம் எதை எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பது உனக்கு விளையாட்டாகவே வந்துவிட்டிருந்தது. இந்த ஊரில் பிழைக்க அதைவிடப் பெரிய படிப்பு என்ன? அது இல்லாமல்தான் நான் முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். உனக்குத் தானாக வந்ததை நானே நறுக்கிவிட்டேன்.

பிறகு உனக்கு என் பாணியில் சொல்லித்தர ஆரம்பித்தேன். கம்பெனியில் நாங்கள் வைத்திருக்கிற செக் ஷீட் மாதிரியே ஒன்று வரைந்து பீரோ கதவில் ஒட்டினேன். எழுந்த நேரம், பல் விளக்கியது, கையெழுத்து, வாய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓகே அல்லது என்ஜி. என்ஜி என்றால் தேறாதது. தேறாத நோட்டில், கம்பெனியில் கழித்த பொருளுக்குக் கட்டுகிற சிவப்பு அட்டை டேக்கைக் கட்டுவேன். அச்சு சரியில்லை என்று ஸ்டோரில் தூக்கிப் போட்டிருந்த டேக்குகள், ஒரு கட்டே வீட்டில் இருந்தது. அதில் மூன்று வரி இருக்கும்: என்ன பொருள், என்ன குறை, கண்டுபிடித்தவர் யார். என் மாதிரி ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் வீட்டில் இந்த மாதிரி ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டைம் ஆபீஸில் இருந்தவன் பிள்ளைக்குப் பஞ்சிங் கார்டு போட்டான், ஸ்டோரில் இருந்தவன் பென்சில் வேண்டுமென்றால் இன்டென்ட் எழுதிக் கேட்கச் சொன்னான். கேன்டீனில் பேசிச் சிரித்துக்கொள்வோம். அதனால்தான் இதை நம் குடியிருப்போர் சங்க மலருக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் பெயர் இருக்காது. அச்சில் பார்த்துக் கோபப்படாதே.

நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது ஆயுத பூஜைக்கு உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தது. நீ பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு என் பகுதி முழுவதும் சுற்றினாய். பச்சைப் பெட்டியில் இருப்பது நல்லது, சிவப்புப் பெட்டியில் இருப்பது கழித்தது என்று காட்டினேன். சிவப்புப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் என்னப்பா பண்ணுச்சு?" என்றாய். "அளவு தப்பு" என்றேன். "அப்புறம்?" "வண்டி வரும், எடுத்துட்டுப் போயிரும்." நீ அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல பிள்ளை, கேட்டதைச் சட்டென்று புரிந்துகொள்கிறான் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னேன்.

அந்த மாதமே ஒரு நாள், உனக்குப் பள்ளி விடுமுறை. எனக்கு நைட் ஷிப்டு வாரம், பகலில் தூங்க வேண்டும். நைட் ஷிப்டு வாரத்தில் நம் வீட்டில் டம்ளர்கூடச் சத்தம் போடக்கூடாது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நீ எதையோ தடுக்கி ஒரு குடத்தை உருட்டிவிட்டாய். நான் படுத்தபடியே கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. மறுபடி தூங்கிவிட்டேன். மூன்று மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் துணி நனைக்கும் சிவப்பு டப்புக்குள் நீ காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சட்டைப் பட்டனில் டேக் தொங்கியது. குனிந்து படித்தேன். பொருள் என்ற இடத்தில் உன் பெயர். குறை என்ற இடத்தில் 'சத்தம்'. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் 'அப்பா'. கையெழுத்து கோடு தாண்டாமல் இருந்தது.

"எந்திரிடா, என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"வண்டி இன்னும் வரலப்பா" என்றாய்.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன் தம்பி. அன்றிரவு வேலைக்குப் போய் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். "உங்க பையன் பிறவி குவாலிட்டிக்காரன் சார்" என்றார்கள். அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் சொன்னேன் என்று கணக்கில்லை. உன் கல்யாணத்தில் பந்தியில் கார்த்திகாவின் அப்பாவிடம் சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பாயசம் இலையில் விழுந்ததும் எழுந்து கை கழுவப் போய்விட்டாய். மண்டபத்தைக் காலி செய்யும்போது உன் அம்மா சொன்னாள்: "இனிமே அத யாருகிட்டயும் சொல்லாதீங்க." ஏன், சிரிப்பாகத்தானே இருக்கிறது என்றேன். "நீங்கதான் சிரிச்சீங்க. அவன் அன்னைக்கும் சிரிக்கல, இன்னைக்கும் சிரிக்கல" என்றாள். அவள் மேலும் கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன்.

பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிகிறது. வீட்டில் என்ன நடக்கிறதோ அதை விளையாடுகிறார்கள், விளையாடியதைக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் சொல்லிக்கொடுப்பது தனியாக ஒரு பக்கம் கிடக்கிறது. ரத்னம்மா பக்கத்தில் இருந்தபோது பூக்கட்டு விளையாடினாய், உனக்கு எண்ணிக்கை வந்தது, பொறுமை வந்தது, ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது அது எப்படி இருக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. என் பக்கத்தில் இருந்தபோது கம்பெனி விளையாடினாய், உன்னையே கழித்துவிடக் கற்றுக்கொண்டாய். இன்றைக்கும் நீ ஒரு மெயில் அனுப்புவதற்கு முன் நாலு தடவை படிக்கிறாய் என்று கார்த்திகா சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இப்போதாவது எனக்கு அந்த அறிவு வந்திருக்கிறது.

வந்திருக்கிறது என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நினைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் கிருஷ்ணகிரிக்கு விசேஷத்துக்குப் போகும்போது சேந்தனை விட்டுப் போனீர்களே, மூன்று மணி நேரம். அம்மாவுக்கு ஓவர்டைம். வீட்டில் நானும் அவனும். துவரம்பருப்பு டப்பாவைத் திறந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். டம்ளரிலிருந்து டபராவுக்கு ஊற்றுவது, டபராவிலிருந்து டம்ளருக்கு ஊற்றுவது. டம்ளர் நிரம்பியதும் மீதி கீழே கொட்டும், அதைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு. மறுபடி ஊற்றுவான், மெதுவாக, எங்கே நிரம்புகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே. சிந்திய பருப்பை ஒற்றை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தான். நான் நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரம். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் வாசலுக்குப் போனான். எல்லோருடைய செருப்பையும் இழுத்து வந்து வரிசையாக வைக்க ஆரம்பித்தான். பெரியது முதலில், சின்னது கடைசியில், அதில் தப்பே இல்லை. வலது இடது மட்டும் மாறியிருந்தது. என் கை போய்விட்டது. "இப்படி இல்லடா கண்ணு, இது வலது" என்று மாற்றி வைத்தேன். அடுத்த ஜோடியை வைத்தான். "இதுவும்" என்று மாற்றினேன். மூன்றாவது ஜோடியைத் தூக்கியவன் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு செருப்பை என்னிடம் நீட்டி, "நீ வை தாத்தா" என்றான். உள்ளே வந்து போனைக் கேட்டான். நான் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்து, "சமத்தா இருந்தானாப்பா?" என்று கேட்டீர்கள். இருந்தான் என்றேன். சமத்தாகத்தான் இருந்தான், அசையாமல்.

எனக்கு அவனைக் கெடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்தாயா? இரண்டு ஜோடிச் செருப்பு. கோபம்கூட இல்லை, குரல்கூட உயரவில்லை, கண்ணு என்றுதான் கூப்பிட்டேன். அதனால்தான் உனக்குப் பதில் போட முடியவில்லை. டே கேர்காரர்கள் அனுப்பிய நோட்டீஸையும் பார்த்தேன், மூன்றரை வயதுக்கு அபாகஸாம், எழுத்துப் பயிற்சியாம், மாதா மாதம் மதிப்பீடாம். அங்கேயும் என்னை மாதிரி ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், சட்டை மட்டும் வேறு. உன்னையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். போன தடவை அவன் முட்டை உரித்தபோது நீ மூன்று தடவை 'தப்பு' என்றாய். உனக்குத் தெரிந்திருக்காது. உன் வாயில் என் குரல் வருவதை எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும். அவனுக்கு முட்டை உரிக்கக் கற்றுத் தராதே, நீ உன் முட்டையை உரி, அவன் பக்கத்தில் உட்காரட்டும். வண்டி துடைக்கும்போது ஒரு துணியை அவன் கையில் கொடு, அவன் ஒரே இடத்தைத் துடைத்தாலும் துடைக்கட்டும். கொத்தமல்லியை ஆயும்போது தண்டையும் சேர்த்துப் போட்டால் அன்றைக்குச் சாம்பாரில் தண்டு இருக்கட்டும். ஏன் தண்டு என்று யாராவது கேட்டால் அவனிடமே கேட்கட்டும்.

இப்போது என் பதில். ஒண்ணாம் தேதி கூட்டி வா. மூன்று நாள் யோசித்தும் வேறு பதில் எனக்கு வரவில்லை. பயந்துகொண்டு ஒதுங்கினால் இதையும் என் கோபங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு இந்த வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்கு ஒடிசாக்காரக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் பெண்ணுக்கும் இவன் வயதுதான், காலையெல்லாம் மணலில்தான் இருக்கிறது. இவனைக் கீழே விட்டுவிட்டு நான் படியில் பேப்பரோடு உட்கார்ந்துகொள்கிறேன். எந்த மொழியில் சண்டை போட்டாலும் போடட்டும். வீட்டுக்குள் நான் வெங்காயம் நறுக்குவேன், துணி மடிப்பேன், பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது, அதைக் கழற்றிப் போட்டு உட்காருவேன். அவன் வந்தால் வரட்டும். அவனுக்கென்று ஒரு வேலையும் வைத்திருக்க மாட்டேன்.

நான் மாறிவிட்டேன் என்று நீ நம்பி விட்டுவிடாதே. இந்த வயதில் எத்தனை மாறும் என்று எனக்குத் தெரியாது, கை தானாகப் போகிறது. மாலையில் வந்து அவனைக் கூப்பிடும்போது, "சமத்தா இருந்தானா?" என்று என்னிடம் கேட்காதே. அவன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துப் பார். வாங்குவதற்கு முன், அன்று செருப்போடு நின்ற மாதிரி என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தானானால், மறுநாள் அவனை என்னிடம் விடாதே. அன்றைக்கு நான் காரணம் சொல்வேன். இன்னும் ஒரு வாரம் கொடு என்பேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பேன், கீழ் வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொல்வேன். நன்றாகவே சொல்வேன், முப்பது வருடம் ரிப்போர்ட் எழுதியவன். நின்று கேட்காதே. உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விடு.

அப்பா